சிம் செத்தால் கணக்கும் செத்தது

ஊரில் வங்கிக் கணக்கை வைத்துக்கொண்டு சுங்கை சிப்புட்டில் பிழைப்பு நடத்துகிறவன் முதலில் காப்பாற்ற வேண்டியது சிம் கார்டை. பணம் அப்புறம். கணக்கில் லட்ச ரூபாய் கிடக்கலாம், பாஸ்வேர்டு மனப்பாடமாக இருக்கலாம். ஓடிபி வரவில்லை என்றால் அந்த லட்சம் நகைக்கடைக் கண்ணாடிக்குள் இருக்கிற ஆரம் மாதிரிதான். பார்க்கலாம், எடுக்க முடியாது.

சுங்கை சிப்புட் தெரியாதவர்களுக்கு: மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கும் கோலா கங்சாருக்கும் நடுவே இருக்கிற தோட்டப்புறப் பட்டணம். ஒரு காலத்தில் சுற்றிலும் பால்மரம், அதாவது ரப்பர், இப்போது போகிற வழியெல்லாம் செம்பனை. தோட்டத்து லயங்களில் இருந்தவர்களில் பாதிப்பேர் தாமான் என்கிற குடியிருப்புகளின் வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து நேராக வந்த எங்களைப் போன்றவர்களும் இங்கே கொஞ்சம் பேர் உண்டு. முடிவெட்டும் கடை, சாப்பாட்டுக் கடை, கோயில், நகைப்பட்டறை என்று ஆளுக்கொரு மூலையில் இருப்போம். என் மனைவி இந்த ஊர்ப் பெண். நான் ஒரு ஹார்ட்வேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். கணக்கு எழுதுகிறவனுக்கு வங்கி விவகாரமெல்லாம் அத்துப்படி என்று ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. அதனால் வேலை பெர்மிட் தவிர்த்த எல்லாக் காகிதமும் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும்.

முதலில் சிம் கதையை முடித்துவிடுகிறேன். இந்தியாவில் ப்ரீபெய்ட் எண்ணை 90 நாள் எதற்குமே பயன்படுத்தாமல் விட்டால் கம்பெனி அதைத் துண்டித்துவிடலாம். கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இன்னொரு 30 நாள் தருவார்கள். அதற்கும் மேல் போனால் எண் போய்விடும், கொஞ்ச காலம் கழித்து வேறு யாருக்கோ விற்றும் விடுவார்கள். உங்கள் வங்கி அந்தப் புண்ணியவானுக்கு ஓடிபி அனுப்பிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் ஊர் சிம் ஒரு பழைய போனில் கிடக்கிறது. சமையலறை ஜன்னல் ஓரத்தில், மசாலா டப்பாக்களுக்குப் பக்கத்தில்தான் அதற்கு சிக்னல் கிடைக்கும். மின்னஞ்சல் கூட இல்லாத போன் அது. சார்ஜர் குத்தியபடியே இருக்கும். யாரும் அதில் பாட்டுக் கேட்கக் கூடாது, பிள்ளைகள் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். ரோமிங்கை மட்டும் ஊரில் இருக்கும்போதே போட்டுக்கொண்டு வர வேண்டும். இங்கே வந்திறங்கிய பிறகு அதைப் போடச் சொல்லி கஸ்டமர் கேரோடு மல்லுக்கட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. பலருடைய சிம் அவர்கள் பெயரிலேயே இருக்காது. மாமா பெயரில் வாங்கியது, செல்போன் கடைக்காரர் யார் ஆதாரையோ வைத்துக் கொடுத்தது என்று ஆளுக்கொரு கதை. சிம் தொலைந்து டூப்ளிகேட் கேட்கும்போதுதான் அது தெரிய வரும்.

சரி, மலேசிய எண்ணையே வங்கியில் கொடுத்துவிட்டால் என்ன? கொடுக்கலாம். பல வங்கிகள் வெளிநாட்டு எண்ணுக்கும் ஓடிபி அனுப்புகின்றன. ஆனால் கணக்கு என்ஆர்ஐ கணக்காக, அதாவது வெளிநாடுவாழ் இந்தியர் கணக்காக, இருக்க வேண்டும். நான் சொல்ல வந்த விஷயமே இதுதான்: நம் ஆட்கள் படுகிற பாட்டில் முக்கால்வாசி, ஊரை விட்டு வந்துவிட்டோம் என்பதை வங்கியிடம் சொல்லாததால் வருவது. வங்கியைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் அறந்தாங்கியில் அதே தெருவில் இருக்கிறீர்கள். அது உங்களை அந்த முகவரியிலேயே தேடிக்கொண்டிருக்கும். வாடிக்கையாளர் விவரம் கேட்கிற கேஒய்சி கடிதம் அங்கே போகும், கார்டு அங்கே போகும், காலாவதியான கார்டை மாற்றச் சொல்லி எஸ்எம்எஸ் செத்துப்போன சிம்முக்குப் போகும்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், அதாவது ஃபெமா, வேலைக்காக வெளிநாடு போய்விட்டவரை வெளிநாட்டில் வசிப்பவராகத்தான் பார்க்கிறது. அவர் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்க முடியாது. வங்கியிடம் சொல்லி என்ஆர்ஓ கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். ஊரில் வருகிற வாடகை, குத்தகை, எல்ஐசி முதிர்வு எல்லாம் அதில் விழும். இங்கே சம்பாதித்து அனுப்புவதற்கு என்ஆர்இ கணக்கைத் தனியாகத் திறக்கலாம். அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது, எப்போது வேண்டுமானாலும் முழுசாக மலேசியாவுக்குத் திருப்பிக் கொண்டுவரலாம். என்ஆர்ஓ பணத்தையும் கொண்டுவரலாம். அதற்கு நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் என்று உச்சவரம்பு இருக்கிறது. அந்த வரம்பை நினைத்துக் கவலைப்படும் நிலையில் இருப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் படிக்க மாட்டார்கள். ஆனால் வரி கட்டியதற்கான காகிதமும், தேவைப்பட்டால் ஆடிட்டர் சான்றும் கேட்பார்கள். அந்த அலைச்சல் எல்லோருக்கும் பொது.

இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, ஏன் யாரும் மாற்றுவதில்லை? சோம்பேறித்தனம் கொஞ்சம், வரி நிறைய. ஊரில் குடியிருப்பவருக்கு, 2025 ஏப்ரலிலிருந்து, வைப்புத்தொகை வட்டி வருஷத்துக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வட்டியிலிருந்தே வரி, பிடிப்பார்கள். என்ஆர்ஓ என்றால் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம், செஸ் சேர்த்து 31.2. பேரைக் கேட்டாலே அடிவயிறு கலங்குகிற விகிதம்தான். அதனால் ஊர்க் கிளையில் இருக்கும் தெரிந்த அண்ணனே, ‘எதுக்கு தம்பி மாத்திக்கிட்டு, அப்படியே கிடக்கட்டும், அப்பாகிட்ட 15ஜி குடுத்து விடுறேன், கையெழுத்து போட்டு அனுப்பு’ என்பார். நல்ல மனசு. ஆனால் அது, வரி பிடிக்க வேண்டாம் என்று இந்தியாவில் குடியிருப்பவர்கள் மட்டும் தரக்கூடிய உறுதிமொழி. அதில் பொய் சொன்னால் மாட்டப்போவது அந்த அண்ணன் இல்லை, கையெழுத்துப் போட்ட நீங்கள்.

31.2 என்பதும் கல்வெட்டு இல்லை. இந்தியாவுக்கும் மலேசியாவுக்கும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. அதன்படி வட்டிக்கு 10 சதவீதம்தான். அதைப் பெற இங்கே வருமான வரி இலாகாவிடம், அதாவது எல்எச்டிஎன்னிடம், ‘இவர் இங்கே வரி வசிப்பாளர்’ என்று ஒரு சான்றிதழ் வாங்கி ஊர் வங்கியில் கொடுக்க வேண்டும். இந்திய வரித் தளத்தில் ஒரு படிவமும் நிரப்ப வேண்டும். நான் செய்தபோது அது 10எஃப். எல்எச்டிஎன் காகிதம் சட்டென்று வந்துவிடும். ஊர்க் கிளையில் அதை யார் மேஜையில் வைப்பது என்று அவர்கள் முடிவு செய்வதற்குத்தான் காலம் பிடிக்கும். அதிகமாகப் பிடித்துவிட்டாலும் மொத்த வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். பான் கார்டு ஒரு தனித் தலைவலி. ஆதாரோடு இணைக்காத பான் 2023 ஜூலை 1லிருந்து செயலிழந்தபோது, இணைக்கவே தேவையில்லாத வெளிநாட்டுவாசிகள் பலருடைய பானும் சேர்ந்து படுத்துவிட்டது. காரணம் பழைய கதைதான்: வரித் தளத்திலும் அவர்கள் இந்தியாவில் குடியிருப்பவராகவே பதிவாகி இருந்தார்கள்.

மாற்றப் போனபோது எனக்கு வந்த இடைஞ்சல் வரியால் இல்லை, கையெழுத்தால். கல்லூரி உதவித்தொகைக்காகத் திறந்த கணக்கு அது. பதினெட்டு வயசில் தமிழில், இனிஷியலோடு, எழுத்து எழுத்தாக அழகாகப் போட்டிருக்கிறேன். இப்போது என் கையெழுத்து ஆங்கிலத்தில் ஒரு கோடும் இரண்டு சுழியும். இங்கிருந்து தபாலில் அனுப்பிய படிவத்தைக் கையெழுத்து பொருந்தவில்லை என்று திருப்பிவிட்டார்கள். பாஸ்போர்ட்டில் இருப்பது சுழி, வங்கியில் இருப்பது தமிழ். இரண்டும் ஒரே ஆள்தான் என்று யாராவது சொல்ல வேண்டும். இந்தியத் தூதரகமோ, நோட்டரியோ, இந்திய வங்கியின் வெளிநாட்டுக் கிளையோ அத்தாட்சி செய்யலாம் என்பது விதி. எங்கள் கிளை தூதரக முத்திரைதான் வேண்டும் என்றது. தூதரகம் இருப்பது கோலாலம்பூரில், மோண்ட் கியாராவில். சுங்கை சிப்புட் ஸ்டேஷனில் இ.டி.எஸ். ரயில் நிற்கிறது என்பது ஒரு ஆறுதல். ஒரு முத்திரைக்காக ஒரு நாள் சம்பளமும் ரயில் சார்ஜும் போனது. வீடியோ கேஒய்சி என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். அதில் பேசுகிற ஆள் இந்தியாவுக்குள் இருக்கிறாரா என்று இடத்தைப் பார்க்கிறார்கள். நம்மைப் போன்றவனுக்குத்தான் அது அதிகம் தேவை, நமக்குத்தான் அது கிடையாது.

மாற்றியதில் உடனடியாகத் தெரிந்த லாபம் யுபிஐ. வெளிநாட்டு எண்ணோடு என்ஆர்ஐ கணக்கில் யுபிஐ ஓடலாம் என்று 2023இல் அனுமதித்தபோது பத்து நாடுகளின் பட்டியல் வந்தது. சிங்கப்பூர் இருந்தது, மலேசியா இல்லை. கடைத்தெருவில் எங்கள் ஆட்கள் அன்று பேசிய பேச்சை எழுத முடியாது. பிற்பாடு மலேசியாவையும் சேர்த்தார்கள். வங்கியும் அதை ஏற்க வேண்டும், எல்லா வங்கியும் ஏற்பதில்லை. ஏற்றால், அம்மா வீட்டுக் கரண்ட் பில்லை இங்கே செம்பனைக் காட்டு ஓரத்தில் நின்றபடி கட்டிவிடலாம்.

இனி உண்டியல். இதைப் பற்றி எழுதாதே என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். எழுதத்தான் வேண்டும்.

தெரியாதவர்களுக்கு முறையைச் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒருவரிடம் வெள்ளியை, அதாவது மலேசிய ரிங்கிட்டை, கொடுப்பீர்கள். அன்று சாயங்காலமே ஊரில் அம்மா கணக்கில் ரூபாய் விழுந்துவிடும். பணம் கடலைத் தாண்டுவதே இல்லை. அங்கே இருக்கும் ஒரு ஆள் அங்கே இருக்கும் பணத்தைப் போடுகிறார், இவர்கள் தங்களுக்குள் நேர் செய்துகொள்கிறார்கள். மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் உரிமம் பெற்ற கடையை விட வெள்ளிக்குச் சில காசு கூடக் கிடைக்கும். படிவம் இல்லை, பாஸ்போர்ட் நகல் இல்லை. இந்த நாட்டில் உரிமமில்லாமல் பணம் அனுப்பும் தொழில் நடத்துவது 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், அந்தப் பக்கம் ஃபெமா. இதெல்லாம் அனுப்புகிறவர்களுக்கும் தெரியும். தெரிந்தே செய்கிறார்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனசு வராது. லெவி, பெர்மிட், ஏஜென்ட் கடன் எல்லாம் போக மிச்சம் பார்க்கிறவனுக்கு அந்தச் சில காசு பெரிசு.

முடிவெட்டும் கடையில் வேலை செய்யும் ராமநாதபுரத்துத் தம்பி ஒருநாள் வந்தான். ‘அண்ணே, அம்மா கார்டுல காசு எடுக்க முடியலையாம். மெஷின் துப்பிடுதாம்.’ கார்டு கெட்டிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். கிளையில் போய் விசாரிக்கச் சொன்னோம். கணக்கை முடக்கி இருக்கிறார்கள். வேறொரு மாநிலத்து சைபர் போலீஸ் சொல்லி முடக்கியது. புகார் எண் ஒன்றும் ஒரு மின்னஞ்சல் முகவரியும் எழுதிக் கொடுத்தார்களாம், அவ்வளவுதான்.

பாஸ்புக்கை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்தபோது விளங்கியது. மாதா மாதம் இவன் அனுப்பிய பணம் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயரிலிருந்து வந்திருக்கிறது. ஏதோ டிரேடர்ஸ், ஏதோ எண்டர்பிரைசஸ், நடுவில் ஒரு தனி ஆள் பெயர். அதில் ஒரு தவணை யாரோ ஒரு அப்பாவியை இணையத்தில் ஏமாற்றிப் பிடுங்கிய பணம். ஏமாந்தவர் 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணுக்குச் சொல்லியிருக்கிறார். போலீஸ் பணம் போன வழியே ஒவ்வொரு கணக்காகப் பூட்டிக்கொண்டே வந்து, கடைசியில் கமுதிப் பக்கத்தில் ஒரு கிழவியின் கணக்கில் வந்து நின்றிருக்கிறது. அந்த அம்மாவுக்கு மாதம் வரும் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயும் அதே கணக்கில்தான் விழுகிறது. அதுவும் உள்ளே மாட்டிக்கொண்டது.

மீட்க என்ன வழி? இந்தப் பணம் எனக்கு இன்ன வகையில் வந்தது என்று விளக்கி எழுத வேண்டும். சிக்கலே அங்கேதான். மகன் அனுப்பியது என்றால், மகன் பெயர் அங்கே இல்லையே? உண்டியலில் போட்டான் என்று போலீசுக்கு எழுதுவதா? இங்கே ரசீது இல்லை, வாங்கிய ஆள் போனை எடுப்பதில்லை. சம்பளச் சீட்டு, பாஸ்போர்ட் நகல், அம்மாவின் ரேஷன் கார்டு எல்லாவற்றையும் வைத்து ஒரு வக்கீல் எழுதிக் கொடுத்தார். பல மாதம் கழித்து, புகாருக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மீதியை விடுவித்தார்கள். வக்கீலுக்குக் கொடுத்ததையும் விட்ட வேலை நாட்களையும் கூட்டினால், உண்டியலில் அவன் மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் ஒரு மூலைக்குக் காணாது. இப்போது சந்தைப் பக்கத்தில் இருக்கும் உரிமம் பெற்ற கடையில் அனுப்புகிறான். அனுப்பியவர் பெயர் என்று அவன் பெயரே ரசீதில் வருகிறது.

இதன் மறுபக்கம் இங்கேயும் இருக்கிறது. பெர்மிட் முடிந்து ஊர் திரும்பும் பையன்கள் இங்குள்ள வங்கிக் கார்டை, ‘இனி நமக்கெதுக்கு’ என்று சில நூறு வெள்ளிக்கு விற்றுவிட்டுப் போகிறார்கள். அது கெல்டாய் அக்கவுண்ட், அதாவது மோசடிக்காரர்கள் திருட்டுப் பணத்தைக் கடத்துகிற கணக்கு, ஆகிவிடும். 2024இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி அதற்கென்றே தனிப் பிரிவுகள் சேர்த்துவிட்டார்கள். போகும்போது கணக்கை மூடிவிட்டுப் போங்கள் என்று கையெழுத்து வாங்காத குறையாகச் சொல்கிறேன். கேட்பவர்கள் கேட்கிறார்கள்.

ஒரு காலத்தில் ஊர் வங்கி இந்தப் பக்கமே இருந்தது என்பதை இளசுகள் நம்புவதில்லை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937இல் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊர்களில் ஒரே நாளில் கிளை திறந்தது. அடுத்து வந்தது பினாங்கு. செட்டியார்கள் கொடுக்கல் வாங்கல் நடத்திய வழியிலேயே வங்கியும் வந்தது. 1969இல் இந்தியா வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியது. வேற்று அரசுக்குச் சொந்தமான வங்கி இங்கே தொழில் செய்யக் கூடாது என்று மலேசியச் சட்டம் சொன்னதால், இந்தியன் ஓவர்சீஸ், இந்தியன், யுனைடெட் கமர்ஷியல் மூன்றின் மலேசியக் கிளைகளும் 1973இல் ஒன்றாகி யுனைடெட் ஏஷியன் வங்கி ஆனது. அதுவும் பின்னால் வேறு வங்கிகளோடு கலந்து இன்றைய சிஐஎம்பி வங்கிக்குள் போய்விட்டது. பாங்க் ஆஃப் பரோடா, இந்தியன் ஓவர்சீஸ், ஆந்திரா வங்கி மூன்றும் கூட்டாகக் கோலாலம்பூரில் ஒரு வங்கி திறந்தது 2012இல்தான்.

எங்கள் வரிசையில் கடைசி வீட்டுப் பெரியவருக்கு இந்தச் சரித்திரம் புத்தகத்தில் படித்ததில்லை. பால்மரம் வெட்டியவர். மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் இந்த ஊர்க்காரர் என்பதில் அவருக்கு இன்றைக்கும் பெருமை. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, தொழிலாளிகளே தோட்டம் வாங்கட்டும் என்று சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தவர்களில் இவருடைய அப்பாவும் ஒருவர். ஆனால் அப்பாவுக்குக் குடியுரிமை இல்லை. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது ஊர் திரும்பிய ஆயிரக்கணக்கானவர்களோடு அவரும் நாமக்கல் பக்கம் போய்விட்டார். மகன் இங்கேயே நின்றார். தங்கைகள் அப்பாவோடு போனார்கள். கொண்டுபோன சேமநிதிப் பணத்தை அப்பா ஊரில் ஒரு வங்கியில் வைப்பாகப் போட்டார் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். எந்த வங்கி என்பது யாருக்கும் தெரியாது.

‘தம்பி, அந்தப் பணம் கவர்மெண்டுக்குப் போயிருக்குமா?’ என்றார். ஒரு வகையில் போயிருக்கும், ஆனால் போய்த் தொலையவில்லை. பத்து வருஷம் யாரும் தொடாத வைப்புகளை வங்கிகள் ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்கு மாற்ற வேண்டும் என்று 2014இல் ஏற்பாடு வந்தது. வாரிசுகள் எப்போது வந்து கேட்டாலும் அந்த வங்கி கொடுத்துத்தான் ஆக வேண்டும். தேடுவதற்கு உத்கம் என்று ஒரு தளத்தை ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் திறந்தது. முப்பது வங்கிகளின் பட்டியலை ஒரே இடத்தில் தேடலாம். ஜன்னலோரத்து சிம்மை வைத்துத்தான் அதில் பதிவு செய்தேன். அப்பா பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதியிருப்பார்கள் என்று யோசித்து விதவிதமாகப் போட்டுப் பார்த்ததில் ஒன்று பொருந்தியது. ஊர்ப் பெயரும் சரியாக இருந்தது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ‘எவ்வளவு இருக்கு?’ என்றார். அதை மட்டும் அந்தத் தளம் காட்டாது.

இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், எல்லா வாரிசுகளின் சம்மதக் கையெழுத்து என்று வங்கி கேட்டது. அந்தக் காலத்து வைப்பு, நாமினி என்று யாரையும் எழுதவில்லை. இப்போது, 2025 நவம்பரிலிருந்து, ஒரு கணக்குக்கு நாலு பேரைக்கூட நாமினியாகப் போடலாம். என்ன பயன், போட வேண்டியவர் போய்விட்டார். நாமக்கல்லில் இருக்கும் மூத்த தங்கையின் மகன்தான் இப்போது முட்டுக்கட்டை. மாமா மலேசியாவிலிருந்து இவ்வளவு மெனக்கெடுகிறார் என்றால் பல லட்சம் இருக்கும் என்பது அவர் கணக்கு. என் கணக்கு வேறு. அந்தக் காலத்துச் சில ஆயிரம் இருந்தாலே அதிகம். எவ்வளவு என்று தெரியாமல் அம்மாவைக் கையெழுத்துப் போட விடமாட்டேன் என்கிறார் அவர். எல்லோரும் கையெழுத்துப் போடாமல் தொகையைச் சொல்ல மாட்டோம் என்கிறது வங்கி. இந்தத் தைப்பூசம் முடிந்து நேரில் போய்ப் பேசுகிறேன் என்று பெரியவர் டிக்கெட் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.